இதே நாளில் பெரிய மாமாவின் தலை

அந்த அச்சகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் அவள் ‘காற்புள்ளி’. யார் எதை எழுதிக் கொண்டுவந்தாலும் பிழை திருத்துகிற சாக்கில் நாலு இடத்தில் காற்புள்ளி வைக்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். ஒருமுறை ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று ஒரு வீட்டுக்காரர் பலகை அடிக்கச் சொல்லியிருந்தார். அவள் கை பட்டு அது ‘நாய்கள், ஜாக்கிரதை’ என்று ஆகி, அந்த வீட்டில் நாய்களை யாரோ எச்சரிக்கிறார்கள் என்று தெருவே நின்று வாசித்துவிட்டுப் போனது. வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். முதலாளி பாதி விலைக்குப் பலகையைக் கொடுத்துச் சமாளித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அச்சகத்துக்குச் சோறு போட்டது தினசரி கிழிக்கிற காலண்டர்தான். நகைக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை என்று எல்லோரும் தங்கள் படத்தை மேல் அட்டையில் போட்டு வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். ஊரில் அது தொங்காத சுவர் கிடையாது. ஒவ்வொரு தாளிலும் பெரிய எழுத்தில் தேதி, அதன் கீழே ‘இதே நாளில்’ என்ற தலைப்பு, அதற்கும் கீழே நாலு வரிகள். அந்த நாலு வரியை எழுதிக் கொடுப்பவர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். ஜூலை பதினாலில் பாஸ்டில் சிறை விழுந்தது, ஜூலை இருபதில் மனிதர்கள் நிலாவில் இறங்கினார்கள், நவம்பர் ஒன்பதில் பெர்லின் சுவர் திறந்தது என்று வாத்தியார் தேதிகளுக்கு வாரி வழங்குவார். ஆனால் செப்டம்பர் இருபத்துமூன்றுக்கு அந்த வருஷம் அவர் கொடுத்தது ஒரே ஒரு வரி. ‘1846: நெப்டியூன் கோள் கண்டுபிடிக்கப்பட்டது.’ அவ்வளவுதான். மிச்ச மூன்று வரியும் வெள்ளை.

வேறு எந்தத் தேதியாக இருந்தாலும் காற்புள்ளி அதைக் கண்டும் காணாமல் விட்டிருப்பாள். செப்டம்பர் இருபத்துமூன்று அவளுடைய பிறந்தநாள். எதிர்வீட்டுக்காரி பிறந்த தேதியில் ஒரு போர், ஒரு முடிசூட்டு விழா, ஒரு பூகம்பம் எல்லாம் இருக்க, தன் தேதியில் கண்ணுக்கே தெரியாத ஒரு கோள் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. வாத்தியார் வீட்டுக்குப் போன் போட்டாள். வாத்தியார் பல் பிடுங்கப் போயிருக்கிறார், வாய் மரத்துப்போயிருக்கும், நாளைக்குத்தான் பேசுவார் என்று அவர் மனைவி சொன்னார்.

சரி, வரி எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்காவது எதையாவது அடித்து வைப்போம் என்று அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். மனசில் என்ன இருக்கிறதோ அதுதானே விரலுக்கு வரும். இப்படி வந்தது: ‘1981: பெரிய மாமாவின் தலை, மாடிக் கம்பிகளுக்கு இடையே சிக்கிக்கொண்டது. தீயணைப்புப் படையினர், கம்பியை அறுத்து மீட்டனர்.’ அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி மூன்று வரியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அது இட்டுக்கட்டியதில்லை. அவள் பிறந்த அன்று குடும்பமே ஆஸ்பத்திரியில் கூடியிருக்க, அம்மாவின் அண்ணன், அதாவது பெரிய மாமா, வீட்டுக்குக் காவலாக இருந்தார். அப்போது அவர் கறுப்புக் கோட்டு வாங்கிய கையோடு இருந்த இளம் வக்கீல். மாடி வராந்தாவில் நின்றவர் கையிலிருந்து பேனா நழுவிக் கீழே விழுந்ததாம். எங்கே விழுந்தது என்று பார்க்கக் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டாராம். போகும்போது காதுகள் ஒத்துழைத்தன. திரும்பும்போது கட்சி மாறிவிட்டன. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற நல்ல செய்தியோடு வீட்டார் ஓடிவந்தபோது வாசலில் சிவப்பு வண்டி நின்றது. மாமாவின் முகம் தெருப் பக்கம் இருந்ததால், அவர் தாய்மாமன் ஆன செய்தியை அவருடைய முதுகிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. மாமா தொழிலில் வளர்ந்து, குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியாகி, ஊரில் பாதிப் புருஷன் பெண்டாட்டி சண்டைகளை விசாரித்து, விறைத்த கழுத்தோடு ஓய்வும் பெற்றார். அவர் முன்னால் ‘தலை’ என்ற சொல்லையே சொந்தக்காரர்கள் வாயில் போட்டு விழுங்கிவிடுவார்கள். அத்தைக்குத் தலைவலி வந்தால் “மேல்மாடி வலிக்குது” என்பாள். டிவியில் தலைப்புச் செய்திகள் என்று சொன்னால் அறையில் யாராவது ஒருவர் இருமுவார். தலையணைக்கு அந்த வீட்டில் ‘மெத்தைக் குட்டி’ என்று பெயர்.

மறுநாள் வாத்தியார், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே போனில் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை வரைக்கும் போன பயணக்குழு 1806-ல் அதே தேதியில்தான் திரும்பி வந்து சேர்ந்ததாம். காற்புள்ளி சந்தோஷமாக அடித்தாள். அப்போது திரையில் திறந்திருந்தது அக்டோபர் பக்கம். இருபத்துமூன்று என்ற எண்ணைப் பார்த்தாள். அங்கே இருந்த வரிகளை நெருக்கி இதையும் உட்கார வைத்தாள். ஒரு காற்புள்ளியும் வைத்தாள். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போனாள். முதலாளி எப்போதும் மேல் அட்டையில் கடைக்காரர்களின் படம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். இயந்திரம் ஓடியது. வருஷம் பிறந்தது. ஊர்ச் சுவர்களிலெல்லாம் காலண்டர் ஏறியது.

செப்டம்பர் இருபத்திரண்டு காலையில் அவளுடைய கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. நாளைக்கு உன் பிறந்தநாளாயிற்றே, உன் தேதிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் பார்ப்போம் என்று அன்றைய தாளை மேலே தூக்கி, அடியிலிருந்ததை வாசித்தார். நெப்டியூனில் தலையை ஆட்டினார். அடுத்ததைப் படித்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“ஏம்மா, உங்க பெரிய மாமாவுக்கு ஆன மாதிரியே இன்னொருத்தருக்கும் ஆயிருக்கு போல. அதே வருஷம் வேற.”

காற்புள்ளி கையிலிருந்த ரொட்டி தேநீருக்குள் முழுசாக இறங்கிவிட்டது. எழுந்து வந்து பார்த்தாள். தன் காற்புள்ளிகளைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் வீட்டுக்காரருக்குப் பதற்றம் என்பதே தெரியாது. பத்து மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் நிதானமாகப் பேசியே பழகியவர். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னார். ஊர் முழுக்கப் போன காலண்டரை இனிமேல் திரும்ப வாங்க முடியாது. ஆனால் தாளில் பேரு இல்லை, ஊரு இல்லை. எந்தப் பெரிய மாமா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

“தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான். அவரு வீட்டுத் தாளை மட்டும் கிழிச்சிடு. முடிஞ்சுது.”

அந்த வீட்டுக் காலண்டரை வருஷாவருஷம் தன் கையாலேயே கொண்டுபோய் மாட்டிவிட்டு வருபவள் அவள்தான். வினையை ஆணி அடித்து மாட்டிய கை என்று நொந்துகொண்டே, மதியம் அச்சகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள்.

மாமா சாப்பாட்டு மேஜையில், காலண்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். வேலை நாளில் மதியம் சும்மா வருகிற சாட்சியை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று உள்ளுக்குள் வேண்டினாள். ஒருவழியாக மாமா கை கழுவப் போனார். அத்தை அடுக்களையில் இருந்தாள்.

காற்புள்ளி ஒரே தாவில் எழுந்து, இருபத்திரண்டாம் தாளைத் தூக்கி, அடியிலிருந்த தாளைப் பிடித்து இழுத்தாள். தங்கள் அச்சகத்துப் பைண்டிங் அவ்வளவு உறுதியானது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தாள் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தாளோடு அட்டையும், அட்டையோடு ஆணியும், ஆணியோடு ஒரு பிடி சுண்ணாம்பும் பெயர்ந்து பிஸ்கட் தட்டின் மேல் தடாலென்று விழுந்தன.

மாமா ஈரக் கையோடு வந்து நின்றார். அவள் இருபத்துமூன்றாம் தேதியைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, அச்சகத்திலிருந்து தரப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், பைண்டிங் கம்பி பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன் என்றாள்.

“செப்டம்பர்லயா?” என்றார் மாமா.

“வருஷத்துக்கு ரெண்டு தடவை, மாமா.”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடுக்களை வாசலில் அத்தை கெண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் பார்வை மட்டும் காற்புள்ளியின் கைப்பை மேல் இருந்தது. காற்புள்ளி சுண்ணாம்பைப் பெருக்கி, ஆணியைத் திரும்ப அடித்து, காலண்டரை மாட்டிவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்தாள்.

அடுத்த நாள் அவள் அச்சகத்துக்குள் நுழையும்போதே முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இன்னொரு போனை அடக்கிக்கொண்டிருந்தார். காலையில் தாள் கிழித்த ஊர் முழுக்க ஒரே கேள்வியாக இருந்தது: அது யாருடைய பெரிய மாமா? காப்பீட்டு அலுவலகத்து எழுத்தர் ஒருவர், தன் பெரிய மாமா காலையிலிருந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், அவர் தலையும் எங்கேயோ எப்போதோ சிக்கியிருக்கும் போலிருக்கிறது என்றார். ஓர் அம்மாள், தன் பெரிய மாமாவைக் குடும்பமே சந்தேகப்படுகிறது, அவர் ஆயுசில் மாடி வீட்டில் குடியிருந்ததே கிடையாது, இதை அச்சகம் எழுதித் தர வேண்டும் என்று அழுதாள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், பெரிய மாமா என்பது எந்த நாட்டு அரசரின் பட்டம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று கேட்டார். கம்பி வேலை செய்கிற பட்டறைக்காரர், அடுத்த வருஷம் அந்தத் தேதிக்குக் கீழே தன் விளம்பரம் வர வேண்டும் என்று முன்பதிவே செய்துவிட்டார்.

நடுவில் வரலாற்று வாத்தியாரின் அழைப்பு வந்தது. காற்புள்ளி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனை வாங்கினாள். பெரிய மாமாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வரியைக் காணோமே என்று அவர் காலண்டரை முன்னும் பின்னும் புரட்டி, அக்டோபரில் கண்டுபிடித்திருந்தார்.

“ரெண்டு வருஷத்துக்கு மேல அலைஞ்சு திரும்பி வந்தவங்கம்மா அவங்க. அவங்களை இன்னும் ஒரு மாசம் நடக்க விட்டுட்டியே, இது உனக்கே நல்லாருக்கா?”

அந்தப் பயணக்குழுவிடமும் வாத்தியாரிடமும் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

முதலாளி இரண்டு போனையும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உட்காரம்மா காற்புள்ளி என்றார். அந்தப் பெரிய மாமா யார் என்று தனக்காவது தெரிய வேண்டும் என்றார். என்னுடைய மாமாதான் என்றாள் அவள். நீதிபதியாக இருந்தாரே, அவரா என்றார் முதலாளி. ஆமாம் என்றாள். முதலாளியின் விவாகரத்து வழக்கை விசாரித்து, இருவரையும் சேர்ந்து வாழச் சொல்லி அனுப்பிவைத்தவரே அவர்தான். முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தேய்த்த சட்டையும் கையில் தடியுமாக மாமா இறங்கினார். முதலாளி தன்னையறியாமல் எழுந்து, கோர்ட்டில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காற்புள்ளிக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, நடுவில் நின்றாள்.

மாமா உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பு நீக்கி மேஜையில் வைத்தார்.

“இது நம்ம வீட்டுத் தாள் இல்ல. பக்கத்து வீட்டுது. காலையில டிபன் தட்டுக்குப் பக்கத்துல உங்க அத்தை வச்சா. நம்ம வீட்டுல இருபத்திரண்டுக்கு அப்புறம் இருபத்துநாலு வருது.”

காற்புள்ளி தன் கைப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“யாரு செஞ்சதுன்னு நான் கேக்கல. ஏன்னு கேக்கறேன்.”

“என் பிறந்தநாள் தாள் காலியா இருந்துச்சு, மாமா,” என்றாள் அவள். அதைவிட நல்ல காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. உண்மையும் அதுதான்.

மாமா அந்தத் தாளை மறுபடியும் ஒருமுறை படித்தார். பிறகு தடியை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, செய்தி அரைகுறையாக இருக்கிறது என்றார். காரணம் சொல்லப்படவில்லை. ஒரு மனிதன் காரணம் இல்லாமல் கம்பிக்குள் தலையை விடமாட்டான். படிக்கிறவர்கள் கண்டதையும் நினைப்பார்கள். பேனா விழுந்தது என்பதைச் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அதற்கான வாசகத்தைத் தானே சொல்வதாகவும் சொன்னார். முதலாளி ஓடிப்போய்க் காகிதம் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் மாமா தன் வாயால், முழுசாக, ‘தலை’ என்று சொல்லி அவள் கேட்டாள்.

‘கை தவறி விழுந்த பேனாவைத் தேடும் பொருட்டு’ என்று அவள் எழுதி, ஒரு காற்புள்ளியும் வைத்திருந்தபோது கதவு திறந்தது. ஆஜானுபாகுவான ஒரு முதியவர் உள்ளே வந்தார். முறுக்கிவிட்ட மீசை, முழங்கை வரை மடித்த சட்டை. கையில் அதே தேதித் தாள். அவர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று சொல்லிக்கொண்டார். பிறகு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் பெரிய மாமா யாருங்க? உயிரோட இருக்காரா?”

முதலாளி எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். அவருடைய கண்கள் அவர் பேச்சைக் கேட்காமல் நேராக மாமாவிடம் போய் நின்றன. மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்புக்காரர் மாமாவின் அருகில் வந்து, முகத்தைப் பார்த்தால் தனக்குத் தெரியாது, தான் அன்றைக்கு நின்றது பின்பக்கம் என்று விளக்கினார். ஐயா தப்பாக நினைக்கவில்லை என்றால் ஒரு நிமிஷம் எழுந்து திரும்பி நிற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். கோர்ட்டில் ஊரே யாருக்காக எழுந்து நின்றதோ அந்த மனிதர் எழுந்து, திரும்பி நின்றார். தீயணைப்புக்காரர் இரண்டு கைகளாலும் அவருடைய இரண்டு காதுகளையும் மெல்லப் பிடித்தார். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, காதுகளை லேசாக மடித்தும் விட்டும் பார்த்தார். 

“இவருதான்,” என்றார் அவர். “சோப்புப் போட்டு எவ்வளவு இழுத்தேன். இந்தக் காதை மறப்பேனா?”

அது அவர் வேலையில் சேர்ந்த முதல் வாரமாம். அதற்கப்புறம் எத்தனையோ தீ, எத்தனையோ வெள்ளம் பார்த்தாயிற்று. ஆனால் வீட்டில் விருந்தாளி வந்தால் அவர் சொல்வது இந்த ஒரு கதையைத்தான். தலை சிக்கியதுவரைக்கும் எல்லோரும் நம்புவார்கள். மிச்சத்தைச் சொன்னால் மனைவி முதற்கொண்டு ஒருவரும் நம்புவதில்லை. காலையில் தாளைப் பார்த்ததும், சாட்சி கிடைத்தது என்று ஓடிவந்திருந்தார்.

மிச்சம் என்ன என்று கேட்டார் முதலாளி. மாமா அவசரமாக, பேனாதானே, அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

“பேனாவா?” என்று தீயணைப்புக்காரர் ஆச்சரியப்பட்டார். “கீழ் வீட்டுல புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்களே ஐயா. அதைக் கேக்கத்தானே தலையை விட்டீங்க?”

 அவர் சொல்லிக்கொண்டே போனார். கீழ் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேலே வக்கீலய்யா தலையைத் தொங்கவிட்டபடி, அந்தம்மா சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே என்று புருஷனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். கழுத்து கம்பியில் இருக்கிறது, அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ரம்பத்தை எடுத்து இவர் கம்பியில் வைத்ததும் வக்கீலய்யா கையைப் பின்னால் நீட்டித் தடுத்தார்.

“‘கொஞ்சம் பொறுங்க, சத்தம் போடாதீங்க. அந்தம்மா பேசி முடிக்கட்டும்’னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா ஐயா? நாங்க ரம்பத்தை வச்சுக்கிட்டு நின்னோம். எங்க அதிகாரி கீழ வண்டியில இருந்து என்னடா லேட்டுன்னு கத்தறாரு. நான் என்ன சொல்றது? தலைக்காரர் இன்னும் தீர்ப்பு சொல்லலைன்னா சொல்ல முடியும்?”

முதலாளி வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். ஆனால் தோள்கள் குலுங்கின. காற்புள்ளி மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பேனா அங்கே வாக்கியத்தின் நடுவில் விழுந்து கிடந்தது.

மாமா மெதுவாகத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தின் விறைப்பு எங்கேயோ ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் நெஞ்சில் கிடந்ததை அவர் அந்தத் தீயணைப்புக்காரரிடம் கேட்டார்.

“ரம்பச் சத்தத்துல கடைசியில என்ன ஆச்சுன்னு எனக்குக் கேக்கல. நீங்க கீழ இறங்கிப் போனீங்களே. யாரு ஜெயிச்சாங்க?”

தீயணைப்புக்காரர் தண்ணீர் குடிக்கக் கீழ் வீட்டுக்குத்தான் போனாராம். சண்டை என்னவென்றால், தூங்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பது. புருஷனுக்குக் காற்று வேண்டும், பெண்டாட்டிக்குக் கொசு ஆகாது. இவர் போனபோது அவர்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தாங்கய்யா. ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுத்துக் குடுத்து, அவ்வளவு ஒத்துமையா.”

மாமா யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஆக, சமரசம்,” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். காற்புள்ளி அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை. அது சிரிப்பு என்று அடையாளம் கண்டுகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது; முதலில் மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து தண்ணீர் எடுக்க எழுந்தாள். தீயணைப்புக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். முதலாளிக்கு இனி அடக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கதவுக்கு வெளியே இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

திருத்தம் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். தீயணைப்புக்காரர் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மனைவி முன்னால் ஒரே ஒரு தடவை, ‘பொறுங்க, அந்தம்மா பேசி முடிக்கட்டும்’ என்று அதே குரலில் சொன்னால் போதும், தன் மானம் மீண்டுவிடும் என்றார். மாமா தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பிக் காற்புள்ளியிடம் வந்து, அன்றைக்கு உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர நேரமாகிவிட்டது என்று, நேற்று நடந்த விஷயத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறவர் மாதிரிச் சொன்னார்.  பரவாயில்லை மாமா, காது வலித்திருக்கும் என்றாள்.

சாயங்காலம் அவள் அத்தையைப் பார்க்கப் போனாள். பக்கத்து வீட்டுத் தாளை வாங்கிவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது ஏன் என்று நேராகவே கேட்டாள். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, எந்தக் காலண்டர் வந்தாலும் முதல் நாளே முழு வருஷத்தையும் படித்துவிடுவது தன் வழக்கம் என்றாள்.

“ஜனவரியிலேயே படிச்சிட்டேன்டி. இவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்க ஒன்பது மாசம் வயித்துலயே சுமந்தேன். கடைசி நாள்ல வந்து நீ கிழிச்சிட்டுப் போனா, நான் சும்மா இருப்பேனா?”

அந்த வருஷம் முடிவதற்குள் அச்சகத்துக்கு ஊரார் அனுப்பிய நிகழ்ச்சிகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன. மாமனார் கண்ணாடிக் கதவைக் காற்று என்று நினைத்து நடந்தது, சித்தப்பா தன் பொய்ப்பல்லைத் தானே விழுங்கியது, ஒரு பல் வைத்தியர் நோயாளியின் நாற்காலியிலேயே தூங்கிப்போனது. முதலாளி யோசித்துவிட்டு, அடுத்த வருஷம் முதல் நாலு வரியில் ஒரு வரி ஊருக்கு என்று ஒதுக்கினார். வரலாற்று வாத்தியார் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு, தான் பல் பிடுங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார்.

பெரிய மாமா தினமும் சாயங்காலம் தீயணைப்புக்காரரோடு நடக்கப் போனார். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் கதையைத் தானே சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. கீழ் வீட்டுச் சண்டை ஜன்னலில் ஆரம்பித்துச் சொத்துத் தகராறு வரை போனது; பக்கத்துத் தெருக்காரர்களும் வழக்கைக் கேட்க வந்து நின்றார்கள்; கம்பி இரண்டு விரல் தடித்தது. தீயணைப்புக்காரர் எதையும் மறுக்கவில்லை. புத்தாண்டு பிறப்பதற்குள் வாசலில் வந்து நின்ற சிவப்பு வண்டிகள் நாலாகியிருந்தன.